இரண்டு விரல் இடம்

முகத்தைப் பார்த்துப் பேசாத மனிதர்கள் உண்டு. எங்கள் மேஸ்திரி முகத்தை மட்டும்தான் பார்ப்பார்; அதற்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பது அவர் கண்ணில் படாது. காதுக்கும் நாடிக்கும் நடுவே எத்தனை அங்குலம், கன்னம் உப்பலா ஒட்டலா, தாடை எலும்பு எங்கே திரும்புகிறது, அவ்வளவுதான். மோவாயைத்தான் எங்கள் பக்கத்தில் நாடி என்போம். எதிரே நிற்பது கலெக்டரா கழுதையா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கழுதையானால் கொஞ்சம் மரியாதை கூடவே கிடைத்திருக்கும்.

எனக்கு அவரைப் பிடிக்காது. பதினோரு வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன், ஒரு நாள் கூடப் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லப்போகிற சில சங்கதிகளைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நல்ல மனுஷன்தானே" என்று யாரும் என்னிடம் வரவேண்டாம்.

ஆரியசாலையில் கயிற்று மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தத் தோல் பட்டறை. எழுபதுகளின் தொடக்கத்தில் நாகர்கோவிலிலிருந்து வந்து அங்கே சேர்ந்தேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் ஓர் ஓட்டலில் தோசை போட்டுக்கொண்டிருந்தார். பட்டறையில் ஆண்கள் நாலு பேர், நான் ஒருத்தி. முதலாளி எப்போதாவது வந்துபோவார்; நடத்துவதெல்லாம் மேஸ்திரிதான். முகத்தில் மாட்டுகிற வார் எதுவானாலும் எங்களிடம்தான் வரும். வாட்ச்மேன் தொப்பிக்கும் மோட்டார் சைக்கிள்காரர்களின் ஹெல்மெட்டுக்கும் நாடிவார், வெல்டிங் வைக்கிறவர்களின் முகமூடிக்குத் தலைப்பட்டை, கல் உடைக்கிறவர்களின் கண்ணாடிக்கு வார், நாடகக் கிரீடத்தை நாடியோடு சேர்த்துக் கட்டுகிற பட்டை. பேட்டைப் பக்கம் ஒரு காண்டிராக்டர் ஊர்வலங்களுக்கும் சினிமாக்காரர்களுக்கும் வாடகைக்கு விடக் குதிரைகள் வைத்திருந்தார். அந்த லாயத்துக் குதிரைகளின் முகவார்களும் எங்கள் வேலைதான்.

சேர்ந்த அன்றைக்கு மேஸ்திரி என் பெயரைக் கேட்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூரத்திலிருந்தே என் முகத்தைப் பார்த்தார். "நடுத்தரம்" என்றார். அதுதான் அதற்குப் பிறகு என் பெயர். தொப்பிகளில் சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று மூன்று அளவு. பெரிய அளவைப் போட்டுப் பார்க்கத் தடித்த கழுத்துக்காரர் ஒருவர் பட்டறையில் இருந்தார். சிறிய அளவை மேஸ்திரியே தம் முகத்தில் மாட்டிப் பார்த்துக்கொள்வார். நடுத்தரத்துக்குத்தான் ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது.

"ஏ நடுத்தரம், இத மாட்டு."

மாட்டினேன்.

"இன்னும் ஒரு ஓட்ட."

இழுத்தேன்.

"இன்னும் ஒண்ணு."

"வலிக்குது மேஸ்திரி."

"வலிச்சாத்தான் வாரு. வலிக்காட்டா அது ரிப்பனாக்கும். தலையில பூ வச்சுக் கெட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது நாடிக்குக் கீழே சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. "யாரு அடிச்சா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். தொப்பி போட்டுப் பார்த்தேன் என்று சொன்னதை அவர் நம்ப மூன்று நாள் ஆனது. போகப் போக அந்தத் தடம் நிரந்தரமாகவே தங்கிவிட்டது. உறவுக்காரர் கல்யாணங்களுக்கு நாடியின் அடியில் பவுடர் அப்பிக்கொண்டு போயிருக்கிறேன்.

அவர் முகத்திலும் ஒரு தடம் உண்டு. இரண்டு காதுக்கும் முன்னாலிருந்து இறங்கி நாடிக்கு அடியில் சேரும். அந்த இடத்தில் மட்டும் தாடி முளைக்காது. எத்தனையோ வருஷம் தம் முகத்திலேயே வாரை இழுத்து இழுத்துப் பார்த்ததில் சதை பள்ளமாகிவிட்டது. சவரம் செய்யாத நாட்களில், வார் போடாமலே வார் போட்ட மாதிரி இருப்பார்.

வார் தைத்து முடித்ததும் நேராக வெளியே போகாது. சுவரில் ஓர் இரும்புக் கொக்கி அடித்திருந்தார். அதில் வாரை மாட்டி, ஒரு காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு, உடம்பு முழுக்கப் பின்னால் சாய்ந்து இழுப்பார். கழுத்து நரம்பு புடைக்கும். அறுந்தால் தைத்தவன் பாடு அதோகதி. அறாவிட்டால் "போ" என்று ஒரே சொல். பாராட்டும் அதுதான், உத்தரவும் அதுதான். என் தையலைப் பல வருஷம் அப்படி இழுத்திருக்கிறார். அறுந்ததில்லை. நன்றாக இருக்கிறது என்று ஒரு தடவையாவது சொல்லியிருந்தால் நாக்கா அழுகிப் போயிருக்கும்?

ஒரு கோயில் திருவிழா நாடகத்துக்கு ராஜாவின் கிரீடத்துக்குப் பட்டை தைத்துக் கொடுத்தோம். மேஸ்திரியே நேரில் போய்க் கட்டிவிட்டு வந்தார். முதல் காட்சியில் ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்கப் பார்த்தார், திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு "மந்திரி" என்றார். மந்திரி அதையே கோபம் என்று எடுத்துக்கொண்டு காலில் விழுந்துவிட்டார். இரண்டாம் காட்சிக்கு ராஜாவே வரவில்லை. மறுநாள் நாடகக்காரர்கள் பட்டறைக்கு வந்து சண்டை போட்டார்கள். மேஸ்திரி குத்தூசியைக் கீழே வைக்கவே இல்லை.

"கிரீடம் விழுந்துதா?"

"விழல. ஆனா பேச முடியல."

"விழல இல்லியா? பின்ன என்ன? ராஜாவுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?"

வேறொரு தடவை கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு யாரோ ஒருவர் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தார். வார் தொங்கலாக இருந்தது. மேஸ்திரி நேராகப் போய், ஒரு வார்த்தை பேசாமல், அந்த மனிதரின் நாடிக்கு அடியில் கையை விட்டு இரண்டு ஓட்டை இறுக்கிவிட்டு, கரமனை பஸ்ஸில் ஏறிவிட்டார். அந்த ஆள் கழுத்தை நெரிக்க வந்தவன் என்று நினைத்து "அய்யோ" என்று கத்தினார். நான் தெரியாதவள் போலத் திரும்பிக்கொண்டேன்.

இப்படிச் சொன்னால் சிரிப்பாக இருக்கிறது. கூடவே இருந்து பார்த்தால் தெரியும். அவர் வார் மட்டும் இறுக்கவில்லை. ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தவளிடம் அன்றைக்கு முழுக்க வேலை தராமல் சும்மா உட்காரவைப்பார். திட்ட மாட்டார். மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். திட்டு வாங்கியவள் அழுதுவிட்டு எழுந்து போகலாம். இது அப்படி முடியாது.

லாயத்திலிருந்து வார் கொண்டுவருவதும் வாங்கிப்போவதும் தங்கப்பன் என்பவர். குதிரை பராமரிப்பதும் அவர்தான், ஊர்வலங்களில் சவாரி போவதும் அவர்தான். மலையாளி. சாலையிலே வளர்ந்ததால் ஒரு மாதிரித் தமிழ் பேசுவார். பட்டறைக்குள் வந்தால் என்னிடம் மட்டும் "சேச்சி, சுகமாணோ?" என்று கேட்பார். அந்தப் பட்டறையில் என்னைச் சுகமா என்று கேட்ட ஒரே ஆள்.

அவருக்கும் மேஸ்திரிக்கும் ஓயாத தகராறு. குதிரையின் முகவாருக்கும் அதன் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் வேண்டும் என்பார் தங்கப்பன். "ரெண்டு விரல் எடம் விட்டா மூணாவது விரல் தானா வரும்" என்பார் மேஸ்திரி.

ஒரு நாள் தங்கப்பன் வந்தபோது முகம் வாடியிருந்தது. லாயத்தில் ஒரு குதிரைக்குட்டி செத்துப்போயிருந்தது. தீனித் தொட்டியின் கொக்கியில் அதன் முகவார் மாட்டிக்கொண்டது. குட்டி மிரண்டு இழுத்தது. வார் அறவில்லை. கழுத்துதான் முறிந்தது. அது எங்கள் வார்.

"மேஸ்திரி, இதுக்கு மும்பு எங்கட லாயத்தில வார் தைச்ச ஆளு கன்னவார்ல ஒரு எடத்தில மட்டும் பலம் கொறஞ்ச தையல் போடும். குதிர மாட்டிக்கிட்டு வலிச்சு இழுத்தா அங்க அறும். ஜீவன் போகாது. லாயத்தில கட்டுற வாருக்கு மட்டும் போதும். சவாரிக் கடிவாளத்துக்கு வேண்டா."

மேஸ்திரி அவர் முகத்தை அளவெடுப்பது போலப் பார்த்தார்.

"அறுறதுக்குன்னு வாரு தைக்கச் சொல்லுத? என்கிட்ட?"

"குட்டி செத்துப் போச்சு மேஸ்திரி."

"கொக்கிய எவன் அங்க அடிச்சான்? அவன் நாடியில கெட்டு. என் வாரு அறாது. அறுற வாரு வேணும்னா பூக்கடையில போய்க் கேளு."

செத்துப்போன குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வார் அறவில்லை என்பதில் அந்த ஆளுக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்ததை நான் பார்த்தேன். சாகும் வரை சொல்வேன், பார்த்தேன்.

தங்கப்பன் வெளியே போகும்போது என் தையல் மிஷின் அருகே குனிந்தார். குட்டியின் தாய்க்கு, தவிட்டு நிறக் குதிரைக்கு, அப்போது ஒரு புது முகவார் தைத்துக்கொண்டிருந்தோம். "சேச்சி, அந்தத் தள்ளைக்கு உள்ளது மாத்திரம். எடது கன்னத்தில. ஆரும் அறியாண்டா."

கன்னவார்களைத் தைப்பது நான்தான். வாருக்கு மெழுகு நூல், இரண்டு ஊசியால் கைத்தையல், அங்குலத்துக்கு எட்டு. உள்பக்கம் வைக்கும் கம்பளித் துணிக்கு மட்டும் மிஷினும் சாதாரணப் பருத்தி நூலும். முகவாரைத் தைத்துக் கொடுத்தேன். மேஸ்திரி கொக்கியில் மாட்டி இழுத்து "போ" என்றார். ஆணியில் தொங்கவிட்டார். மத்தியானம் அவர் சாப்பிடப் போனதும் அதை எடுத்தேன். இடது கன்னவாரில் பக்கிளுக்குக் கீழே நாலு தையலை அறுத்துவிட்டு அந்த இடத்தில் பருத்தி நூலால் தைத்தேன். மேலே கறுப்புப் பாலிஷ் தடவினேன். தெரியவில்லை. திரும்ப ஆணியில் மாட்டினேன்.

குதிரை மேல் இரக்கப்பட்டுச் செய்தேன் என்றுதான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரக்கமும் இருந்தது. ஆனால் அந்த நாலு தையலைப் போடும்போது என் நாடித் தடம் குளிர்ந்தது. அவர் வார் ஒன்று, அவர் "போ" சொன்ன வார் ஒன்று, எங்கேயாவது ஒரு நாள் அறப்போகிறது. அதை நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அட்டக்குளங்கரையிலிருந்து ஓர் ஊர்வலம். ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு. காலையில் தங்கப்பன் தவிட்டுக் குதிரையைச் சந்து முனையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, கடிவாளத்தை ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினார். அதன் இடது கன்னவாரில் வெடிப்பு விட்டிருந்தது. அரை மணி நேரத்தில் ஊர்வலம். புதிது தைக்க நேரமில்லை.

மேஸ்திரிக்கு ஒரு பெருமை உண்டு. அவர் கடையில் எல்லாக் கன்னவாரும் முக்கால் அங்குல அகலம், ஒரே நீளம், ஒரே ஓட்டைக் கணக்கு. "என் கடையில எந்தக் கன்னமும் எந்த முகத்துக்கும் சேரும்" என்பார். லாய முகவார் என்றும் சவாரிக் கடிவாளம் என்றும் அவருக்கு வித்தியாசம் கிடையாது; இரண்டும் அறக்கூடாது, அவ்வளவே. ஆணியில் தொங்கிய முகவாரை எடுத்தார். இடது கன்னவாரைக் கழற்றினார். ஏற்கெனவே இழுத்துப் பார்த்ததுதானே, மறுபடி கொக்கியில் மாட்டவில்லை. கடிவாளத்தில் கோத்துக்கொண்டு தாமே வெளியே போனார்.

நான் என் மிஷின் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வார்த்தை போதும். "மேஸ்திரி, அது வேண்டாம்." சொன்னால் ஏன் என்பார். ஏன் என்றால் வேலை போகும். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஓட்டலை அந்த மாசம்தான் மூடியிருந்தார்கள். இது ஒரு காரணம். இன்னொன்று, ஒரு மணி நேர ஊர்வலம்தானே, தாங்கும் என்று நினைத்தேன். மூன்றாவது காரணத்தை முன்னாலேயே சொல்லிவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. வார் போட்டுக் கட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

செண்டை மேளம் வரை தாங்கியிருக்கிறது. கடை வாசலில் வெடி போட்டதும் குதிரை மிரண்டது. தங்கப்பன் இழுத்துப் பிடித்தார். இடது கன்னவார் அறுந்தது. கடிவாள இரும்பு குதிரையின் வாயை விட்டு வெளியே வந்தது. பிறகு அதை யார் பிடிப்பது? கோட்டை வாசல் பக்கமாக ஓடியது. தங்கப்பனைத் தூக்கி வீசியது. ரோட்டோரக் கருங்கல்லில் தலை மோதி விழுந்தார். இடது தொடை எலும்பு இரண்டு துண்டு. குதிரை எங்கேயோ போய் நின்றது, அதற்கு ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் அவருடைய ஊர்வலத் தொப்பி இருந்தது. கெட்டி அட்டைத் தொப்பி, முட்டை ஓடு போல நெளிந்து உடைந்திருந்தது. தலையில் ஒரு காயமில்லை. நாடிக்கு அடியில் மட்டும் நீலமாக ஒரு தடம்.

"தொப்பி தெறிச்சுப் போயிருந்தா நான் இல்லா சேச்சி" என்றார். "மேஸ்திரியோட நாடிவார். நான் எத்தர சாபம் இட்டிருக்கேன் அதுக்கு."

அவருக்குத் தெரியவில்லை. கடிவாளத்தில் வந்தது எந்தக் கன்னவார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். "பழைய வாராயிருக்கும்" என்று சொல்லிவிட்டு, வாங்கிப்போன ஆரஞ்சை வைத்துவிட்டு வந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மறுநாள் முதலாளியும் லாயத்துக் காண்டிராக்டரும் அறுந்த கடிவாளத்தோடு பட்டறைக்கு வந்தார்கள். மேஸ்திரி அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தையல் ஓட்டைகளில் நூல் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. குத்தூசியால் ஒன்றை வெளியே எடுத்து விரலில் உருட்டினார். நாக்கில் வைத்துப் பார்த்தார். மெழுகு இல்லை. பருத்தி. அந்தப் பட்டறையில் பருத்தி நூல் இருந்தது ஒரே ஓர் ஆளின் மேஜையில்.

திரும்பி என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அளவெடுக்காமல் பார்த்தார்.

"யாரு தச்சது இது?" என்றார் முதலாளி.

 போலீஸ், ஸ்டேஷன், என் வீட்டுக்காரர், வாடகை வீடு என்று எல்லாம் ஒன்றாக வந்துபோயின.

"நான் போ சொன்ன வாரு" என்றார் மேஸ்திரி. "யாரு தச்சா என்ன? என் கையால கோத்தது. என் தப்பு."

"உம்ம வாரு அறாதுன்னு சொல்லுவீரே?"

"அறுந்துட்டு."

லாயத்து வேலை அன்றோடு போயிற்று. முதலாளி மூன்று மாசம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தடித்த கழுத்துக்காரர் கூட, வார் இழுக்கிறபோது, "பாத்து மேஸ்திரி, அறுந்துரப் போகுது" என்று கேலி பேசத் தொடங்கினார். என்னைக் காப்பாற்றத்தான் மேஸ்திரி தம் தப்பு என்று சொன்னார் என்று யாராவது நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும். தமக்குத் தெரியாமல் ஒரு தையல் தம் பட்டறையிலிருந்து வெளியே போயிருக்கிறது என்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்வதை விட, தம் வாரே அறுந்தது என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. வீம்பு. நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்படி நினைக்கக் காரணம், அடுத்த நாள் காலை நடந்தது. வேலைக்கு வந்தேன். என் மிஷினின் ஊசிக்கு நேர் அடியில் அந்த அறுந்த கன்னவார்த் துண்டு இருந்தது. நாலு ஓட்டையும் மேலே தெரியும்படி. அதை எடுத்து ஓரமாக வைக்காமல் ஒரு தையல் போட முடியாது. வைத்தேன். சாயங்காலம் அவர் வந்து அதை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை மறுபடியும் அங்கே இருந்தது. அதற்கு மறுநாளும்.

ஏழு வருஷம். ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாள் தவறவில்லை. ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டிருந்தால் குட்டியைப் பற்றிச் சொல்லியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், காலில் கூட விழுந்திருப்பேன். எனக்கு இரண்டு விரல் இடம் விடவில்லை அந்த மனிதர்.

ஒரு தடவை பொறுக்க முடியாமல் அந்தத் துண்டைச் சந்துச் சாக்கடையில் வீசினேன். மழைக்காலம், சாக்கடை கரை புரண்டு ஓடியது. தொலைந்தது சனியன் என்று நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலை அது என் மிஷின் மேல் ஈரத்தோடு இருந்தது. மேஸ்திரியின் வேட்டி முழங்கால் வரை சகதி. ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்து ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் செத்தால் நன்றாக இருக்கும் என்று மனசாரச் சபித்தேன்.

வேறு வேலை தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. போனால் அவர் வாயைத் திறந்துவிடுவாரோ என்ற பயம். தங்கப்பன் ஒரு கால் குட்டையாகி, லாயத்தை விட்டு, சாலையில் எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்தார். தினமும் அவரைக் கடந்துதான் பட்டறைக்குப் போகவேண்டும். "சேச்சி, சுகமாணோ?" என்பார். அவரிடம் போய்ச் சேர்ந்துவிடக் கூடாத சங்கதி அது.

மேஸ்திரிக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஒரு சனிக்கிழமை பாதி வேலையில் எழுந்து போனவர் பிறகு வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அந்தத் துண்டை அவர் எடுத்துப்போகவில்லை. திங்கட்கிழமை அது என் மிஷின் மேலேயே கிடந்தது. எடுத்து ஓரமாக வைத்தேன், வேலை செய்தேன். சாயங்காலம் கிளம்பும்போது, ஏன் என்று தெரியாது, நானே அதை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனேன். அவர் படுத்திருந்த நாலு மாசமும் அப்படித்தான்.

சாவுச் செய்தி ஒரு காலையில் வந்தது. பட்டறையிலிருந்து எல்லாரும் கரமனைக்குப் போனோம். ஆற்றங்கரைப் பக்கம் ஓட்டு வீடு. அவரைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். நோயில் முகம் வற்றிப்போயிருந்தது. நாடியைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள், ஆனால் நிற்கவில்லை. புதுத் துணி, கஞ்சிப் பசை வழுக்கியது. முடிச்சு தளர்ந்து தளர்ந்து வாய் திறந்துகொண்டே இருந்தது. கூடியிருந்தவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் வீட்டம்மா என்னைப் பார்த்தார். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை.

"நடுத்தரம்ங்கறது நீங்கதானா?"

 எல்லாம் சொல்லியிருப்பாரோ?

"பட்டறையில ஒருத்தி தச்சா எனக்கு இழுத்துப் பாக்காண்டாம், ஆனாலும் இழுப்பேன்னு சொல்லுவாரு. வேற ஒண்ணும் சொல்ல மாட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க கெட்டுங்கம்மா. இவங்க கெட்டுனது நிக்க மாட்டேங்குது."

கட்டிலருகே போனேன். துணியை அவிழ்த்து மறுபடி சுற்றினேன். காதுக்கு முன்னால் இறங்குகிற அந்தப் பள்ளத்தில் துணி தானாகப் போய் உட்கார்ந்தது. உச்சந்தலையில் முடிச்சுப் போடுமுன் பழக்கத்தில் என் இரண்டு விரல் துணிக்கும் தாடைக்கும் நடுவே நுழைந்து இடம் பார்த்தது. தங்கப்பன் குதிரைக்குப் பார்ப்பது போல. நுழைந்தது. வாய் லேசாகத் திறந்தது.

"அவருக்கு லூசா இருந்தா ஆகாதும்மா" என்றார் வீட்டம்மா.

விரலை எடுத்தேன். இறுக்கினேன். முடிச்சு மறுபடி வழுக்கியது. பையிலிருந்து ஊசிகளை எடுத்தேன். பையில் பருத்தி நூலும் இருந்தது, மெழுகு நூலும் இருந்தது. மெழுகு நூலைக் கோத்தேன். துணியின் இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு ஊசியால், அங்குலத்துக்கு எட்டாகத் தைத்தேன். சாவு வீட்டில் யாரும் அப்படிச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். யாரும் தடுக்கவில்லை. வாய் மூடி நின்றது. தடம் விழுகிற அளவுக்கு இறுக்கம்.

எனக்கு அவரைப் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. அழுதேன் என்றால் அது வேறு. அன்று பொழுது சாயும் முன்பே சாலைக்குப் போய், எலுமிச்சம்பழக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து, தங்கப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  அதற்குப் பிறகு அவர் என்னைச் சுகமா என்று கேட்டதில்லை.

மேஸ்திரி இழுத்துப் பார்க்காமல் என் கையை விட்டுப் போன தையல் இரண்டு. ஒன்று அறுந்தது.